தார்ன்பெக் சந்திப்பின் சமையலறை

10-1-83, திங்கள்

மூடுபனி. பதினோரு மணிக்குத்தான் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது. செய்ய வேண்டியவை: காஸ் பதிவு. இவருடைய ஸ்வெட்டர் முழங்கை. அஜ்மல் கான் ரோடில் காபிப் பொடி.

மூன்றும் நடக்கவில்லை. காரணம், இங்கிலாந்திலிருந்து கடிதம். எனக்கு. இவர் முதலில் ஸ்டாம்பைக் கத்தரித்து வெந்நீரில் ஊறப்போட்டார், பிறகுதான் உறையைத் தந்தார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் இந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

எழுதியிருப்பவள் மார்கரெட். தார்ன்பெக் சந்திப்பில் சிக்னல்மேனாக இருந்த ஹார்கிரீவ்ஸின் மகள். அப்பாவின் பெட்டியில் என் பழைய கிறிஸ்மஸ் வாழ்த்துகள் இருந்தனவாம். முகவரி அதில் கிடைத்தது. நல்லவேளை, நாங்கள் கரோல் பாக் வீட்டை மாற்றவில்லை.

தார்ன்பெக்! எத்தனை வருஷம் ஆயிற்று. அறுபத்துமூன்று, அறுபத்துநான்கு. உதவித்தொகையில் ஒரு வருஷப் பயிற்சிக்குப் போனபோது, நான் பாடம் எடுத்துப் பழகிய பள்ளிக்கூடம் மேட்டுநிலத்துக் கிராமம் ஒன்றில். திரும்பும்போது தார்ன்பெக்கில் வண்டி மாற வேண்டும். தினமும் ஐம்பது நிமிஷம் காத்திருப்பு. நான் கிளம்புவதற்குள் அந்தக் கிளைப் பாதையையே மூடிவிட்டார்கள். மார்கரெட் எழுதுகிறாள்: தண்டவாளம் போய்விட்டது, நடைமேடையில் பிர்ச் மரங்கள், சிக்னல் கேபினை இடித்த இடத்தில் ஆடு மேய்கிறது.

விஷயம் அதுவல்ல. ஹார்கிரீவ்ஸ் இப்போது முதியோர் இல்லத்தில். இந்தியாவிலிருந்து வந்த ஒரு டீச்சர் தினமும் கேபின் படியில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவாள், பாதையை மூடிய அன்று கடைசி மணியை அடித்ததே அவள்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாராம். மகன் சிரிக்கிறானாம். மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறாராம். இரண்டு தட்டு, சற்று நிறுத்தி ஒரு தட்டு. நர்ஸ்கள் அதைக் குறித்து வைக்கிறார்களாம். நினைவு தப்பியவர்களுக்கென்று தனிக் கட்டடம் இருக்கிறது, கதவைப் பூட்டி வைப்பார்கள். அங்கே மாற்றலாமா என்று பிப்ரவரி தொடக்கத்தில் பேசப் போகிறார்கள். அந்த டீச்சர் நீங்கள்தானா, கேபினுக்குள் போனதுண்டா, தயவுசெய்து எழுதுங்கள் என்கிறாள்.

நான் போனதில்லையே. காத்திருந்தது சிக்னல்மேன் வீட்டம்மாள் சமையலறையில். வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

12-1-83, புதன்

வெயில் இல்லை. இவருக்கு இருமல். மிளகு ரசம்.

பதில் எழுதினேன். நாலு வரைவு. இவர் சொன்னார், “ஆமான்னு எழுதிப் போடேன் கிரேஸ். கெழவனுக்கு ஒரு சந்தோஷம்.”

“பாக்காததப் பாத்தேன்னு எழுதச் சொல்லுதீயளா?”

“பரீட்சையா எழுதுத? கடுதாசிதான.”

முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் சொன்னது ஒன்றுதான்: தெரிந்ததை எழுது, தெரியாத இடத்தைக் காலியாக விடு. ஆற்றின் போக்கு தெரியாவிட்டால் குத்துமதிப்பாகக் கோடு இழுக்காதே. இல்லாத ஊருக்கெல்லாம் தண்ணீர் போய்விடும். எனக்கு வேறு சட்டமா?

எழுதினேன்: உங்கள் அப்பாவை நன்றாக நினைவிருக்கிறது. அன்பானவர். ஆனால் நான் கேபினுக்குள் வந்ததாக நினைவில்லை. உங்கள் அம்மாவின் சமையலறையில்தான் உட்கார்ந்திருப்பேன். அவர் தந்த தேநீரின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

மதியமே தபாலில் சேர்த்தாயிற்று. மனசு இலேசாகவில்லை. ஏனென்று தெரியவில்லை.

14-1-83, வெள்ளி

மாடி வீட்டு ஐயர் மாமி பொங்கல் கொடுத்தனுப்பினார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கேக் மிச்சம் இருந்தது, வைத்து அனுப்பினேன். முட்டை போட்டது என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். மாமி, “குழந்தைகள் அப்பவே தின்னாச்சு, நானும் கேக்கலை, நீயும் சொல்லலை” என்றார்.

தார்ன்பெக் மனதை விட்டுப் போகவில்லை. சமையலறையை நினைத்துப் பார்க்கிறேன். எல்லாம் தெளிவு. கறுப்பு அடுப்பு, கெட்டில், வட்டக் கடிகாரம், முகம் தெரிகிற அளவுக்கு மெழுகு தேய்த்த தரை. சன்னலோரம் ஒரு மர நாற்காலி. கட்டம் போட்ட துணி ஒன்று எப்போதும் கையில்.

அந்தம்மாளின் முகம் மட்டும் வரவில்லை. பெயரும் வரவில்லை. ஆறேழு மாசம் டீ குடித்த வீடு!

சிக்னல் கேபின் உள்ளே எப்படி இருக்கும் என்று இவரைக் கேட்டேன். முப்பது வருஷம் ரயில்வே அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர். “எனக்கென்ன தெரியும்? ரயில் கோப்புக்குள்ளல்லா ஓடிச்சு,” என்றார். ஆனால் சராய் ரோஹில்லாவில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாராம். சொல்லிவைக்கிறேன் என்றார்.

18-1-83, செவ்வாய்

சராய் ரோஹில்லா. கரோல் பாக்கிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷா. குளிரில் பல் கிட்டுகிறது. இவர் குரங்குக் குல்லாய், நான் இரண்டு சால்வை.

மீட்டர் கேஜ் பாதையைப் பார்த்த பழைய கேபின். வெளியிலேயே ஏறுபடி. ஏறிக் கதவருகில் போனதும் உள்ளேயிருந்த லிவர்மேன், “மாதாஜி, சப்பல் யஹீன்,” செருப்பு இங்கேயே என்று கையைக் காட்டினார். நான் அதற்குள் கழற்றியிருந்தேன். சாக்ஸோடு உள்ளே.

வரிசையாக லிவர்கள், தண்டவாளத்தையும் கைகாட்டியையும் மாற்றும் இரும்புக் கம்பிகள். சிவப்பு, கறுப்பு, நீலம். பிடி பளபளவென்று. அவர் வெறுங்கையால் தொடவில்லை. தோளில் கிடந்த துணியை எடுத்துச் சுற்றிப் பிடித்துத்தான் இழுத்தார். ஏன் என்று ஹிந்தியில் கேட்டேன். கை வியர்வை பட்டால் இரும்பு துருப் பிடிக்குமாம், அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் அப்படித்தான் பழக்கினாராம். சொல்லிவிட்டு டீ போட்டார். மூலையில் நிலக்கரி அடுப்பு. மேலே கெட்டில்.

இவர் லிவர்களை எண்ணிக்கொண்டு நின்றார். நான் சன்னலோரம். கீழே ஒரு சரக்கு வண்டி மெதுவாக ஊர்ந்து போயிற்று. பெட்டிகளின் கூரையெல்லாம் பனி ஈரம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, போகலாம் என்றேன்.

இவர் ரிக்‌ஷாவில், “மேலுக்கு முடியலயா?” என்று இரண்டு தரம் கேட்டார்.

19-1-83, புதன்

குடியரசு தின ஒத்திகை விமானங்கள். சன்னல் அதிர்கிறது.

காலையில் ஒரு வேலை செய்தேன். ஆறாம் வகுப்புக்கு முதல் நாள் கொடுக்கும் பயிற்சி: உன் வீட்டு அறையை மேலிருந்து பார்த்ததுபோல் வரை. கதவு எங்கே, சன்னல் எங்கே, சன்னல் வழியே என்ன தெரிகிறது. ஒவ்வொரு வருஷமும் ஒருத்தியாவது சன்னல் இல்லாத சுவரில் சன்னல் வைப்பாள். அங்கே உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால் தானே அழித்துவிடுவாள். நானும் காகிதத்தில் தார்ன்பெக் சமையலறையை வரைந்தேன்.

கதவு: வெளியே மரப்படி ஏறி வர வேண்டும்.
அடுப்பு: வலக்கோடி.
சன்னல்: எதிரே. இடது பக்கமும். வலது பக்கமும். மூன்று சுவரிலும் கண்ணாடி.
என்ன தெரிகிறது: வண்டிகளின் கூரை. கூரைமேல் பனி, ரொட்டிமேல் சர்க்கரை தூவியது மாதிரி.

இந்தச் சர்க்கரை உவமையை வகுப்பில் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை: தரையோடு தரையாக இருக்கும் வீட்டுச் சன்னலிலிருந்து ரயிலின் கூரை எப்படித் தெரியும்?

சிக்னல்மேன் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. வெள்ளைக் கதவு. நான் அதற்குள் போனதேயில்லை.

20-1-83, வியாழன்

இவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். அந்த வருஷம் நான் எழுதிய கடிதங்கள் அத்தனையும், தேதி வரிசையில், கோப்புபோல நூல் கட்டி. எனக்குத் தெரியாது.

எல்லாவற்றிலும் அந்தம்மாள்தான். ‘சிக்னல்மேன் வீட்டம்மாள் டீ தந்தார்கள்.’ ‘சிக்னல்மேன் வீட்டம்மாள் சமையலறையில் இருந்தேன்.’ வாசிக்க வாசிக்கத்தான் காரணம் ஞாபகம் வந்தது. என் கடிதத்தை மாமா சத்தமாக வாசிப்பார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து பாளையங்கோட்டைக்காரர் ஏழெட்டுப் பேர் இந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். சம்பந்தி முறைக்காரர்கள், சபை மூப்பர். மருமகள் தினமும் சாயங்காலம் ஒரு வெள்ளைக்காரரோடு தனியாக உட்கார்ந்து டீ குடிக்கிறாள் என்று அந்தக் கூடத்தில் வாசிக்க முடியுமா? அதனால் அவருக்கு ஒரு மனைவியைக் கொடுத்தேன். ஊருக்கு வந்த பிறகு அதையே சொன்னேன். பிறகு வகுப்பில். சொல்லச் சொல்ல அடுப்பும் கெட்டிலும் அந்தம்மாள் வீட்டுக்குக் குடிபோய்விட்டன.

இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கடிதங்களை மறுபடி நூலில் கட்டிக்கொண்டே சொன்னார்: “அப்பாவுக்குத் தெரியும்லா.”

“மாமாவுக்கா?”

“வாசிச்சு முடிச்சிட்டு என்கிட்ட மட்டும் கேட்டாவ. ‘ஏல, வாரா வாரம் டீ குடுக்கா, அந்தம்மாவுக்கு ஒரு பேரு கூடவா இல்ல?’ன்னு. அவ்வளவுதான். அடுத்த வாரமும் சத்தமாத்தான் வாசிச்சாவ.”

மாமா போய்ப் பதினொரு வருஷம். இப்போது போய்ச் சொல்ல முடியாது.

பிறகு இவரே: “அந்தக் கெழவன் ரெண்டு, ஒண்ணுன்னு தட்டுதான்னு எழுதிருக்கால்லா? நீ என்ன செய்வ வகுப்பு முடிஞ்சா? ஸ்கேலால மேசையில?”

இரண்டு தட்டு, சற்று நிறுத்தி ஒரு தட்டு. பிள்ளைகள் புத்தகத்தை மூடுவார்கள். நானே கண்டுபிடித்த வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. வண்டி என் எல்லையைத் தாண்டிவிட்டது, பாதை காலி என்று பக்கத்துக் கேபினுக்குச் சொல்லும் மணி. ஹார்கிரீவ்ஸ் சொல்லித் தந்தது.

மார்கரெட்டின் கடிதத்தை மறுபடி எடுத்தேன். பரீட்சை அறையில் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன், கேள்வியை இரண்டு தரம் வாசி என்று. இரண்டாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது: அம்மா இறந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகுதான் அப்பா தார்ன்பெக்குக்கு மாற்றலாகி வந்தார். பத்தாம் தேதி கண் அதன்மேல் ஓடியிருக்கிறது. உள்ளே போகவில்லை.

இறந்துபோன தாயின் கையால் டீ குடித்தேன் என்று மகளுக்கே எழுதி அனுப்பியிருக்கிறேன். அதைத் தகப்பனாருக்கு எதிரான சாட்சியாக மேஜையில் வைப்பார்கள்.

உடனே தந்தி அலுவலகம். இவரும் கூட வந்தார், இருமலோடு. தந்தி: ‘அப்பா சொல்வது சரி. ஷூ என்னுடையது. முந்தைய கடிதம் தவறு. மன்னிக்கவும். விவரம் பின்னால்.’ ஆங்கிலத்தில்தான். குமாஸ்தா ‘ஷூ’ என்ற சொல்லின்மேல் பென்சிலை வைத்து, இது ஏதாவது சங்கேதமா என்று கேட்டார். இவர் ஹிந்தியில், “இல்லை தம்பி, நிஜ ஷூதான். கறுப்பு. பாட்டா,” என்றார்.

பாட்டா இல்லை. லீட்ஸில் வாங்கியது. திருத்தவில்லை.

23-1-83, ஞாயிறு

வெயில், பல நாளைக்குப் பிறகு. ஆராதனை. பிரசங்கம் நீளம்.

விவரக் கடிதம் இரண்டு நாளாக ஒரு வரியில் நிற்கிறது. கேபின், ஷூ, மணி, டீ எல்லாம் எழுதியாயிற்று. மனைவியை நான் இட்டுக்கட்டிய கதையும் ஒளிக்காமல். ஆனால் கடைசி நாள்? கடைசி மணியை நான்தான் அடித்தேனா? அது வரவேயில்லை. நினைவுக்கு வராததை வந்ததாக எழுத முடியாது. ஆனால் அவர் மகன் சிரிப்பது அதற்குத்தானே.

சாப்பிட்டபின் மொட்டைமாடியில் பாய் போட்டுப் பட்டாணி உரித்தேன். இரண்டு கிலோ. இவர் வெயிலில் பேப்பரால் முகத்தை மூடித் தூக்கம். உரிக்கும்போது எண்ணுவது என் பழக்கம். ஒரு காயில் ஏழு. அடுத்ததில் ஐந்து. அடுத்ததிலும் ஐந்து.

கை நின்றுவிட்டது.

ஏழு, ஐந்து, ஐந்து. விரல் மணியைத் தட்டும் பித்தளைச் சாவியின்மேல். குளிர்ந்த பித்தளை. பின்னால் ஹார்கிரீவ்ஸின் குரல், மெதுவாக, அவசரமே இல்லாமல்: எண்ணி அடி, அவர்கள் அங்கே எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஏழு. நிறுத்து. ஐந்து. நிறுத்து. ஐந்து. கேபின் மூடப்படுகிறது என்பதற்கான மணி. அடுத்த கேபினிலிருந்து அதே பதினேழும் திரும்பி வந்தன. அவர் கட்டம் போட்ட துணியை நாலாக மடித்து லிவர்மேல் வைத்தார். நான் வெளியே வந்து ஷூ மாட்டினேன். உள்ளே பனி புகுந்திருந்தது.

மார்கரெட் கடிதத்தில் இந்த எண் இல்லை. இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் இவரை வாசிக்கச் சொன்னேன். இல்லை என்றார். புத்தகத்தில் எங்காவது படித்திருப்பேனோ? வீட்டிலுள்ள அலமாரியில் அப்படி ஒரு புத்தகம் கிடையாது.

“அப்ப எழுதிரு. நீதான் அடிச்சன்னு,” என்றார்.

“நான் சொன்னா நம்புவாங்களா? ஒருக்க மாத்தி எழுதுனவதான.”

யோசித்தேன். பிறகு வழி தெரிந்தது. மார்கரெட்டுக்கு எழுதினேன்: கடைசி நாளில் என்ன மணி அடித்தோம் என்று அப்பாவைக் கேள். டாக்டரும் உன் அண்ணனும் பக்கத்தில் இருக்கட்டும். நீயாக எண்ணைச் சொல்லாதே, உனக்கே தெரிய வேண்டாம். அவசரப்படுத்தாதே, அவர் மேஜையில் தட்டட்டும், நீங்கள் எண்ணிக் குறியுங்கள்.

விடையைத் தனிச் சீட்டில் எழுதி, சின்ன உறைக்குள் வைத்து, பசை போட்டு ஒட்டினேன். அதைப் பெரிய உறைக்குள். நாளைக் காலை முதல் வேலை தபாலாபீஸ்.

சின்ன உறையின்மேல்: அவர் தட்டி முடித்தபின் பிரிக்கவும்.