அந்த மூன்றைப் பற்றி

போலாரம்,
செகந்தராபாத்.
9 ஆகஸ்ட் 2009, ஞாயிறு.

அன்புள்ள ரஷ்மிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததை வைத்து இந்தக் கடிதத்தை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம்தான், பரவாயில்லை.

அப்பாவிடம் சொல்லாதே என்று அம்மாவிடம் சொன்னாயாம். போனை வைத்த கையோடு வந்து சொல்லிவிட்டாள். அபிநவ் பிறக்கச் செய்த சிகிச்சையில் மிஞ்சிய மூன்று கருக்களை அங்கே ஆஸ்பத்திரியில் உறையவைத்திருப்பது, இனிக் குழந்தை வேண்டாம் என்று நீங்கள் தீர்மானித்திருப்பது, அவற்றை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா, அழித்துவிடச் சொல்வதா என்று மாதக் கடைசிக்குள் நீ கையெழுத்துப் போட வேண்டியிருப்பது, எல்லாம் தெரியும். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் வாயில் எது தங்கியிருக்கிறது?

பாலாநகர் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் நான். பார்க்காத பொருளைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிப் பழக்கமில்லை. பொதுமக்களுக்கு ஸ்டெம் செல் பற்றி விளக்கக் கூட்டம் என்று பேப்பரில் பார்த்ததும், போன ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு அமீர்பேட்டுக்கு பஸ் ஏறினேன்.

ஒரு கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட் மாடியில் கூட்டம். ஹால் நிறைய இளவட்டங்கள். அறிவியலில் இவ்வளவு ஆர்வமா என்று பூரித்துப் போனேன். பத்து நிமிஷத்தில் ஒருத்தி எழுந்து, இது எத்தனை மாதக் கோர்ஸ், பிளேஸ்மென்ட் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றதும் பாதி ஹால் காலி.

பேசிய விஞ்ஞானி ஸ்மிதாவுக்கு உன் வயதுதான் இருக்கும். தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து பொறுமையாகச் சொன்னாள். உறையவைக்கும்போது கருவுக்கு ஐந்து நாள்தான் ஆகியிருக்குமாம். ஊசி முனை அளவு. நரம்பு, மூளை எதுவும் தொடங்கியிருக்காது. உள்ளே இருக்கும் செல்கள் இதயமாவதா எலும்பாவதா என்று இன்னும் தீர்மானிக்காதவை. அதனால்தான் ஆராய்ச்சிக்கு அவை வேண்டியிருக்கிறது. அவற்றை எடுத்தால் கரு மிஞ்சாது என்பதையும் அவள் மறைக்கவில்லை. எந்த நோய் குணமாகும் என்று கேட்டேன். இப்போதைக்கு நம்பிக்கை நிறைய, விடை கொஞ்சம் என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஒரு பெரியவர் எழுந்து, ஆண்டவன் வேலை உங்களுக்கு எதற்கு என்று சண்டைக்கே வந்தார். நான் விடவில்லை. சொட்டு மருந்து வந்தபோதும் இதைத்தானே சொன்னீர்கள் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள், உன் அம்மாவைத் தவிர.

பிறகு அவளே எழுந்தாள். சபையில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. கொடுத்தவர்களுக்கு அது என்ன ஆயிற்று என்று பின்னால் தெரிவிப்பீர்களா என்று கேட்டாள். ஸ்மிதா கொஞ்சம் தயங்கி, பெயரை எடுத்துவிடுவோம், அதனால் முடியாதம்மா என்றாள். அம்மா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

முடிவில் மக்கள் கருத்தை அறிய ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர் எழுத வேண்டாம் என்று போட்டிருந்தது. பழக்க தோஷம், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டேன். இந்த ஆராய்ச்சி தேவையா? ஆம். பள்ளியில் சொல்லித்தரலாமா? ஆம். ஏழாவது கேள்வி, உங்கள் குடும்பத்தில் மிஞ்சிய கரு இருந்தால் கொடுக்கச் சம்மதிப்பீர்களா என்பது. பேனா நின்றுவிட்டது. சற்றுமுன் கைதட்டு வாங்கிய அதே ஆள்தான். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான் போலிருக்கிறது. மெல்ல எட்டிப் பார்த்தேன். விளக்கேற்றாமல் காபி குடிக்காத உன் அம்மா, ஆம் என்று டிக் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் காரணம் கேட்டேன். வீணாப் போறதுக்கு யாருக்காவது உதவட்டுமேங்க என்றாள். அப்புறம் செகந்தராபாத் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தொழிற்சாலையில் ஒரு பொருளை ஏற்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் இருந்தால் மஞ்சள் சீட்டுக் கட்டி ஓரமாக வைப்போம். ஆனால் காலமெல்லாம் அப்படி வைத்திருக்க முடியாது. யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இங்கே அந்த ஒருவர் நீயாக இருப்பதுதான் என்னை வாட்டுகிறது. ஒரு வாரமாக யோசிக்கிறேன். அறிவு கொடுக்கலாம் என்கிறது. மனசோ, அந்த மூன்றில் எதற்கு உன் மூக்கு வாய்த்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, அப்பாவுக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. நீயும் மாப்பிள்ளையும் எப்படி முடிவு செய்தாலும் அது சரிதான். ஏன் என்று ஒருநாளும் கேட்கமாட்டோம். இங்கே மழை ஏமாற்றிவிட்டது, தண்ணீர் லாரிதான். பக்கத்து வீட்டுச் சந்தானம் மகள் அடுத்த மாதம் அங்கே வருகிறாள், ஆவக்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறோம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையெழுத்துப் போடும் அன்று தனியாகப் போகாதே. வந்ததும் எங்களுக்குப் போன் செய். விஷயத்தைச் சொல்ல வேண்டாம், என்ன சமையல் என்று கேள், போதும். நாங்கள் புரிந்துகொள்வோம்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. அபிநவுக்கும், எங்கே போனாலும் அந்த மூன்று பேருக்கும், எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஜகதீசன்