இருபத்தேழு கையெழுத்து

மண்ணரை, திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க அவிநாசியப்பரை வேண்டிக்கொள்கிறேன். மனசுதான் சரியில்லை கண்ணு. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் முறுக்குப் பார்சலோடு இதை வைக்கிறேன்.

நம் எம்.எல்.ஏ. இந்தக் கூட்டத்தொடரில் ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறார், பனியன் கம்பெனிப் பெண்கள் சம்மதித்தால் இரவு பத்து மணி வரை வேலை வாங்கலாமாம். பெண்களே விரும்பிக் கேட்கிறார்கள் என்று நம் கம்பெனியில் இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்ட தாளைச் சட்டமன்றத்தில் தூக்கிக் காட்டினார், டிவியில் பார்த்தேன். அந்த இருபத்தேழும் நான் போட்டது. எங்கள் தையல் லைனில் மணி ஆறானால் பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார்கள், அன்றைக்குத் தைத்த கணக்கை எழுதும் புரொடக்சன் சீட்டில் அவர்கள் கையெழுத்தை சூப்பர்வைசரான நானே போட்டுவிடுவேன், பதினோரு வருசப் பழக்கம், யாரும் தப்பாக நினைத்ததில்லை. போன மாதம் எம்.எல்.ஏ. ஆபீஸ் கந்தவேல் ஒரு தாளோடு வந்து, பொம்பளைங்களுக்கு நல்லதுங்க, சட்டுன்னு வேணுமுங்க என்றான். படிக்காமல் அதையும் போட்டுக் கொடுத்தேன்.

அதே லைனில் டெய்லரான உன் அம்மா பெயரும் அதில் இருக்கிறது. சொன்னதும் அவள் கத்தவில்லை, ஏனுங்க, என்னையக்கூட ஒரு வார்த்தை கேக்கலீங்களா என்று மட்டும் கேட்டாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தாளில் பெயர் இருக்கிற ராக்கம்மாளுக்குக் கைக்குழந்தை, பத்து மணிக்கு மேல் எப்படி வீடு வந்து சேருவாள். சட்டம் வந்துவிட்டால் தினமும் ஒரு சம்மதத் தாள் வருமே, அதையும் என் மேசையில்தானே வைப்பார்கள்.

வியாழக்கிழமை விவாதம். நாளைக்கு லைனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கையெழுத்தெல்லாம் என்னுடையது என்று சபாநாயகருக்கு எழுதி அனுப்பப் போகிறேன். கந்தவேலிடம் சொன்னதற்கு, வேலையும் போகுமுங்க, போலீஸ் கேசும் ஆகுமுங்க என்று மிரட்டுகிறான். பயமாக இருக்கிறது கண்ணு, இது உன் கைக்கு வரும்போது என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அம்மா என் பக்கத்தில் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

நைட் டியூட்டி முடிந்து தனியாக நடந்து போகாதே. ஆஸ்பத்திரியில் எந்தத் தாளை நீட்டினாலும் படித்துவிட்டுப் போடு. நீ ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். எப்போதும் கடிதத்துக்குக் கீழே அம்மா பெயரையும் நானேதான் எழுதுவேன். இந்தத் தடவை எழுதவில்லை, கடிதத்தை அவளிடம் கொடுத்திருக்கிறேன்.

அன்புள்ள அப்பா,
ஆறுச்சாமி

முழுசும் படிச்சுட்டேன் கண்ணு.
அம்மா, சித்ரகலா