வாசல் கல்லில் இருக்கும் விதி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். மருத்துவமனைச் சலவைப் பிரிவுக்கு என்னை மேற்பார்வையாளராக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள பழைய சிவன் கோயிலுக்குப் போனேன். மற்ற கோயில்களுக்குள் விடப்படாதவர்கள் நூறு வருடத்துக்கு முன்பு கட்டியது. யாராக இருந்தாலும் தன் கையாலேயே சாமிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று வாசல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

குடம் எடுத்துக் கொடுக்கும் அம்மாள் சிரித்தபடி, "நீங்க எந்த ஆளுங்கம்மா?" என்றாள். சொன்னேன். சிரிப்பு போகவில்லை, குடம்தான் வரவில்லை.

"உங்க பேர்ல பூசாரியே ஊத்திடுவாரு."

"எனக்கு முன்னாடி போனவங்க அவங்களேதானே ஊத்தினாங்க?"

"அவங்க பழகினவங்கம்மா."

"அப்ப நானும் பழகிக்கிறேன். வேணாம்னா வாசல்ல இருக்கற கல்லைப் பேத்துப் போட்டுட்டுச் சொல்லுங்க."

குடத்தை நானே எடுத்து ஊற்றினேன். பாதித் தண்ணீர் என் புடவையில்தான் விழுந்தது. பக்தி வரவில்லை அப்பா, ஆத்திரம்தான் வந்தது. வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேத்தி அல்லவா என்னைக் கேட்கிறாள்!

பயப்படாதீர்கள், யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. உங்கள் பழைய துண்டு ஒன்று அனுப்புங்கள். இங்கே வாங்கும் துண்டு ஈரத்தை இழுப்பதில்லை. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. வருகிற ஞாயிறும் போவேன். ஆயுள் முழுக்கத் தெருவில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டவர் நீங்கள். "நமக்கெதுக்கும்மா வம்பு" என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் மகள்