சூடு ஆறாத டிபன் பாக்ஸ்

மார்ச் 4

அன்புள்ள பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கு,

போனில் பேசினால் உடனே சண்டை வருகிறது, கடிதம் என்றால் யோசித்துச் சண்டை போடலாம் என்றாயே, அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத் தேதி கேட்டிருந்தாய். அது இங்கே எங்கள் லேபில் நடக்கும் வேலையின் கையில் இருக்கிறது. ஒயர் எதுவும் செருகாமல், தரையில் கிடக்கும் பாய்மேல் கொண்டுவந்து நிறுத்தினாலே சக்கர நாற்காலிக்குச் சார்ஜ் ஏற வேண்டும். பாய்க்குள் ஒரு கம்பிச்சுருள், நாற்காலிக்கு அடியில் ஒன்று. பாயின் சுருளுக்கு மின்சாரத்தை நொடிக்கு லட்சம் தடவை திசை மாற்றி அனுப்பும் கன்வர்ட்டர் என் பொறுப்பு. காலையில் சமர்த்தாக ஓடுகிறது. மதியமானால் சுவிட்சுகள் கொதித்துத் தானே அணைந்துவிடுகிறது. கேன்டீன் அடுப்புகளால் கரண்ட் குறைகிறதோ என்று சந்தேகம். சர்க்யூட் போர்டை இரண்டு முறை புதிதாக வடிவமைத்துவிட்டேன். ஒரு வாரம் நிற்காமல் ஓடினால்தான் என்னை இங்கிருந்து விடுவார்கள்.

ஒரே ஆறுதல், நீ வாங்கித் தந்த ஸ்டீல் டிபன் பாக்ஸ். ஒரு மணிக்குத் திறந்தாலும் சாப்பாடு அப்போதுதான் இறக்கியதுபோல இருக்கிறது.

உன்
இன்ஜினியர்

மார்ச் 11

இன்ஜினியர் சாருக்கு,

தேதி மூன்றாவது தடவையும் தள்ளிப்போகலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். "மத்தியானமானா அணைஞ்சு போற மாப்பிள்ளையா? இதுவும் போச்சுன்னா என்கிட்ட இன்னொரு தேதி கேக்காதே." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மடித்த பேப்பரைத் திரும்பப் பிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

இன்னொரு விஷயம். அந்த பாக்ஸ் ஜோடியாக வாங்கியது. மற்றது என்னிடம் இருக்கிறது. எட்டு மணிக்குக் கட்டினால் பத்தரைக்கே ஆறிப்போகிறது. உனக்கு மட்டும் யார் சுட வைத்துத் தருகிறார்கள்? பெயர் மட்டும் சொல். கோபப்பட மாட்டேன்.

பிசியோ

மார்ச் 27

என் அன்பே,

சுட வைத்துத் தந்தது கன்வர்ட்டர்.

என் மேசை முழுக்க ஒயரும் மீட்டரும். காலி இடம் பாயின் ஓரம்தான். பசி பொறுக்காமல் பதினோரு மணிக்கே பாக்ஸை எடுத்து அங்கே வைத்துவிடுவேன். சாப்பிட ஒரு மணியாகிவிடும். ஸ்டீல் சூடாகியிருக்கிறது, சுருளின் குணம் மாறியிருக்கிறது, அதோடு இசைந்து ஓடிய கன்வர்ட்டர் தடுமாறிக் கொதித்திருக்கிறது. கேன்டீனைச் சந்தேகப்பட்டேன், போர்டைச் சந்தேகப்பட்டேன். என் சாப்பாட்டைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

உன் கேள்வியால்தான் பிடிபட்டது என்று லேப் தலைவி மேடத்திடம் ஒப்புக்கொண்டபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உன் பாக்ஸ் இல்லேன்னா யாராவது சாவியைப் போடுவாங்க, ஸ்பூனைப் போடுவாங்க. அதுக்கும் வழி பண்ணு. அப்படியே அந்தப் பொண்ணு இங்க வேலைக்கு வருமான்னு கேளு."

இப்போது பாய்மேல் உலோகம் பட்டாலே மெல்ல நிறுத்திக்கொள்கிறது; எடுத்தால் தானே தொடர்கிறது. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்றிருந்தேன். நேற்று முடிந்தது. நான் வரலாம் என்றார்கள். பாக்ஸ் மட்டும் வராது. சோதனைக்கு அதுதான் வேண்டுமாம்.

இனி ஆறிய சாப்பாடு சாப்பிடப்போகும்
உன் இன்ஜினியர்

ஏப்ரல் 2

என் இன்ஜினியருக்கு,

பதில் வராத இரண்டு வாரத்தில் என்னென்ன பெயர்களை நினைத்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரியாது. உங்கள் மேடம் பெயரும் அதில் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டதாக அவரிடம் சொல்லிவைக்காதே.

அப்பா உன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கல்யாணம் மே பதினெட்டு. நேரத்தையும் அவரே குறித்தார்: மதியம் பன்னிரண்டு.

"பாத்துடலாம்" என்றார்.

அணையாமல் வந்து சேர்.

உன்
பிசியோ