அருவிக்கரையில் ஒரு ஹெட்போன்

மகள் நேற்று இரண்டு ஹெட்போன் பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஒன்றை எடுத்து முகர்ந்தேன். காதில் பொருந்தும் மெத்தையில் புதுத்தோல் வாசனை. உடனே மனசுக்குள் நீ வந்துவிட்டாய்.

அறுபதுகளின் தொடக்கம். குற்றாலத்தில் அருவிக்கரை பங்களாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நம் குடித்தனமும் அதன் பின்கட்டில்தான். சீசன் வந்தால் அருவி இரைச்சலில் உப்பு எங்கே என்று கேட்பதற்குக்கூடக் கத்துவோம். ரேடியோவில் விளக்கு எரியும், பாட்டு கேட்காது. அந்த வருஷம்தான் உன் தங்கை முதன்முறையாக ரேடியோவில் பாடப்போவதாகக் கடிதம் போட்டாள். உங்கள் ஊர் வடகரையில் அவளுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுத்தவள் நீ. மேல் ஸ்தாயிக்குப் போகையில் அவள் பயந்து குரலை இழுத்துக்கொள்வாள் என்பது உனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. பாடும் நாளோ ஆடி நடுவில், சீசன் உச்சத்தில். தென்காசியில் யார் வீட்டிலாவது போய்க் கேளேன் என்றேன்.

"அங்கன உக்காந்து அழ முடியுமா?" என்றாய்.

தென்காசியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணாச்சி, பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்து திரும்பியவர். ஹெட்போன் வைத்து ரேடியோ கேட்கலாம் என்று இருவரும் அவரிடம் போனோம். மூன்று ஹெட்போன்கள் இருந்தன. மாட்டிப் பார்த்தேன், அலறுவதில் முதலாவதை மிஞ்ச ஆளில்லை. அருவியை அடக்க அருவியைவிடப் பெரிய சத்தம் வேண்டும் என்பது என் மேதாவித்தனம். நீ மறுத்துவிட்டாய். கடையில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும், வீட்டில் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பேன் என்றாய். உன் பிடிவாதத்தைப் பார்த்து அவர் கடையைப் பூட்டிவிட்டு, மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு நம்மோடு பஸ் ஏறினார். வழியெல்லாம் எனக்கு வெட்கம்.

வீட்டில் நீ ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாய்.

"இன்னும் வயரே கொடுக்கலியே தங்கச்சி" என்றார் அவர்.

"தெரியும் அண்ணாச்சி. மொதல்ல அருவி போவுதான்னு பாக்குதேன்."

மூன்றாவது பார்க்க லட்சணமில்லாதது. தடித்த தோல் மெத்தை, ஒரு பக்கம் உரசல் வேறு. அதை மாட்டியதும் நீ ஏதோ சொன்னாய். உதடு அசைந்தது, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சீசன் தொடங்கிய நாளிலிருந்து கத்தியே பேசியவள், அன்று மெல்லப் பேசினாய். வேண்டியது பெரிய சத்தம் இல்லை, அருவியை வெளியே நிறுத்தும் மெத்தை என்று அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. வயர் கொடுத்த பிறகு, சத்தம் குறைவுதான், ஆனால் தம்புரா தனியாக, மிருதங்கத்தின் இடந்தலை தனியாகக் கேட்கிறது என்றாய். அண்ணாச்சி மற்ற இரண்டையும் பையில் போட்டுக்கொண்டார்.

பாட்டு நாளன்று அருவி செந்நிறமாகக் கொட்டியது. நான் கேட்டதெல்லாம் அதைத்தான். பார்த்தது உன் முகத்தை. ஓரிடத்தில் என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாய். அப்புறம் விட்டாய். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதாய்.

"மேல போறதுக்கு முன்னால மூச்சு எடுத்தாளே, அதுகூடக் கேட்டுச்சு. அவ பயப்படலை."

ஒரு ஹெட்போனைப் பொறுக்கியதற்கா இவ்வளவு பெருமை என்று யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ரேடியோ வாங்கப் புளியங்குடியிலிருந்து வந்தவர்கள்கூட, உன்னைக் கூப்பிட்டுக் கேட்கவைத்துத்தான் எடுத்துப்போனார்கள். அவர்கள் வாயில் நீ 'காதுக்கார அக்கா' ஆனாய். அதுவரை நீ பங்களாக்காரர் பெண்சாதி. அதன்பிறகு எனக்கும் பேர் மாறியது.

போன மாதம் தென்காசி கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒரு கிழவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க காதுக்கார அக்கா வீட்டுக்காரருல்லா? உங்க பேரு என்ன, மறந்துட்டுது" என்றார்.

முதலில் சொன்னீர்களே, அதுதான் என் பேர் என்றேன்.