மாடிக்கும் கீழுக்கும் ஒரே மீட்டர்

2025 மார்ச் 9, ஞாயிறு. நகரி

கரண்ட் பில் வந்தது. சோலார் போட்டபின் வரும் இரண்டாவது பில். முதல் பில்லே அதிகம்தான். புது மீட்டர், முதல் மாசம் அப்படி இப்படி இருக்கும் என்று சோலார் கம்பெனிக்காரர் சொன்னார், நம்பினோம். இது அதையும் தாண்டிவிட்டது. பேனல் இல்லாத காலத்தில் மாடிக்கும் கீழுக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம்.

வீட்டுக்காரர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கரண்ட் ஆபீசுக்குக் கட்டறத பேங்க் லோனுக்குக் கட்டிட்டா போதும்னுதானே போட்டோம்" என்றார். யாரையோ கேட்பதுபோல் கேட்டார். சோலார் போடலாம், போடலாம் என்று ஆறு மாதம் நச்சரித்தவள் நான்தான். மாடிக்கு இருந்த தனி மீட்டரை ஒப்படைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கினால்தான் லாபம் என்று அந்தக் கம்பெனிக்காரர் சொன்னபோது தலையாட்டியதும் நான்தான்.

பிறகு இவர் மேலே பார்த்தார். "பகல்ல மாடியில ஏசி ஓடுதா?"

ஓடுகிறது. கௌசிகாவுக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, திருப்பதியில் எத்தனையோ வைத்தியம் பார்த்து நின்ற கரு. சூட்டில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் புருஷன் கோபி, அதான் இவர் தம்பி, தன் சம்பளத்தில் ஏசி வாங்கி மாட்டினான்.

இதெல்லாம் இவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டார்.

மார்ச் 10

கம்பெனிக்காரருக்கு போன் செய்தேன். "எங்க பேனல் சூப்பரா வேலை செய்யுது மேடம். உங்க வீட்டுல யூஸேஜ் ஜாஸ்தி" என்றார்.

யூஸேஜ் ஜாஸ்தி. இதை இவரிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்றாவது பில். இன்னும் ஏறியிருக்கிறது.

அண்ணனும் தம்பியும் படிக்கட்டு ஓரம் நின்று பேசினார்கள். கோபி ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ் ஓட்டுகிறவன், விடிவதற்குள் கிளம்ப வேண்டும், சீக்கிரம் தூங்கப் போகிறவன். அப்படியும் நின்று பேசினான்.

"ஏசி பகல்லதானணா ஓடுது. பகல்ல சோலார்தான குடுக்குது?"

"அப்ப இந்த பில்லு எங்கேர்ந்து வந்துது? நான் துன்னுட்டனா?"

கோபி சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. கோபி சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பில் கையில் இருக்கிறதே. அதற்கு என்ன பதில்?

ஏப்ரல் 9

நானே மாடிக்குப் போனேன். இவர் போய்ப் பேசுவதைவிட நான் பேசுவது மேல் என்று நினைத்தேன்.

"கௌசி, மத்தியானம் மட்டும் ஏசிய நிறுத்திப் பாக்கறியா? உன்ன சொல்லல. பில்லு எதனாலன்னு தெரிஞ்சிக்கத்தான்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "சரிக்கா" என்றாள். இறங்கி வரும்போது ஏதோ நல்ல காரியம் முடித்தவள்போல எனக்கு நிம்மதி.

மே 8, வியாழன்

இன்று நடந்ததை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

ஒரு மாதமாக மாடியில் பகலில் ஏசி இல்லை. பில் முன்னைவிடப் பெரியது.

இவருக்கு முகமே மாறிவிட்டது. ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த களைப்பு வேறு. மாடிப்படிக்குக் கீழே நின்று, காதில் விழட்டும் என்றே சொன்னார். "நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்னு சொல்லிக்கினு பகலெல்லாம் ஓட்டிக்கினு இருக்குது. நாமெல்லாம் வேலைக்குப் போயிடறோம், யாரு பாக்கறது?"

நான் கையைப் பிடித்து இழுத்தேன். ஆனால் வாய் திறந்து "தப்பு" என்று சொன்னேனா? இல்லை. ஏன் சொல்லவில்லை? உள்ளுக்குள் எனக்கும் அந்தச் சந்தேகம் — ஆமாம், இருந்தது. பில்லைப் பார்த்தபோது எனக்கும் அதே நினைப்புதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் கௌசிகா இறங்கி வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. ஏசி ரிமோட்டை எங்கள் மேஜைமேல் வைத்தாள்.

"நான் ஓட்டல மாமா. நீங்களே வெச்சிக்கிங்க."

மே 9

ரிமோட் மேஜைமேலேயே இருக்கிறது. யாரும் தொடவில்லை. நான் எடுத்துப்போய்க் கொடுத்திருக்கலாம். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் இன்று ஒரே கூட்டம், முதலாளியும் ஊரில் இல்லை. சாயங்காலம் வந்தபோது மாடிக் கதவு சாத்தியிருந்தது.

மே 15

கடையில் ஒரு அம்மாளுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ரத்னம்மா போன் செய்தார். கௌசிகா அடுப்படியில் விழுந்து கிடக்கிறாள்.

ஓடினேன். ரத்னம்மாதான் தண்ணீர் தெளித்து மடியில் சாய்த்து வைத்திருந்தார். உடம்பு நெருப்பு. "ஃபேன் கூட போடாம ஒக்காந்துக்கினு இருந்துதும்மா. கேட்டா, கரண்ட் ஏறும் ஆயான்னு சொல்லுது" என்றார்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வலி எடுத்திருக்கிறது, திருப்பதிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். ஆம்புலன்சில் என் கையை அவள் விடவில்லை. ஏழாம் மாதம். சாமி, அந்தக் குழந்தையை மட்டும் —

மே 17, திருப்பதி

வலி நின்றுவிட்டது. ஊசி, மருந்து, குளுக்கோஸ். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். ஒரு வாரமாவது படுக்கையை விட்டு எழக் கூடாது.

இவர் ஆஸ்பத்திரிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. கோபி அவரைத் தாண்டித்தான் மருந்து வாங்கப் போகிறான், வருகிறான்.

மே 19, திங்கள்

துணி எடுத்துவர நான் மட்டும் நகரிக்கு வந்தேன். வீடு பூட்டித்தான் கிடந்தது. இவர் வியாழனன்றே ஃபிரிட்ஜைக்கூடக் காலி செய்து, வீட்டு லைன் ஸ்விட்சுகளை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் திருப்பதிக்கு வந்தார். சோலாருக்குத் தனி ஸ்விட்ச். அதை மட்டும் தொட வேண்டாம் என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்ததால் விட்டுவிட்டார்.

கதவைத் திறக்கும்போது கண் தற்செயலாக மீட்டர்மேல் போனது. பில்லில் இருந்த எண் எனக்கு மனப்பாடம், அத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அதிலிருந்து எவ்வளவோ தள்ளி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி எண் மாறியது. மறுபடி மாறியது.

உச்சி வெயில். வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை. யார் ஓட்டுகிறார்கள் ஏசியை?

சோலார் ஸ்விட்சை இறக்கினேன். எண் நின்றது. ஏற்றினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்கியது. இறக்கினேன், ஏற்றினேன். எத்தனை தடவை செய்தேனோ. போனில் வீடியோ எடுத்தேன்.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து மிஞ்சி, தெரு லைனுக்கு வெளியே போகிற கரண்டை எல்லாம் நாங்கள் உள்ளே இழுத்ததாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது இந்த மீட்டர். அவள் ஏசியை நிறுத்த நிறுத்த வெளியே போவது கூடியிருக்கிறது. அதனால்தான் பில் ஏறியிருக்கிறது. ஃபேனை நிறுத்தினாள், அதற்கும் ஏறியிருக்கும். நாங்கள் சொன்னதை அவள் கேட்டு நடந்ததற்கான பில் அது. அதைக் காட்டித்தான் அவளைப் பொய்க்காரி என்று சொன்னோம்.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். துணி எடுக்க வந்ததே மறந்துபோய்விட்டது.

மே 20, திருப்பதி

இவரிடம் வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். போனைத் திருப்பித் தந்தார்.

"கோபிக்கு அனுப்பு."

"நீங்க போய் சொல்லுங்க."

எழுந்தார். வார்டு வாசல் வரைக்கும் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மே 27

கௌசிகாவை டிஸ்சார்ஜ் செய்தார்கள். பிரசவம் வரைக்கும் அம்மா வீட்டில், சத்தியவேட்டில் இருக்கட்டும் என்று கோபி சொன்னான். தலைப் பிரசவம் தாய்வீட்டில்தானே, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வீடியோவை அவளிடம் காட்டினேன். "ம்" என்றாள்.

மே 30

கரண்ட் ஆபீஸ். வீடியோவை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை அந்த ஆள். "மீட்டரு அபத்தம் செப்பதம்மா" என்றார். மீட்டர் பொய் சொல்லாதாம். அப்படியானால் யார் பொய் சொன்னது, ஏழு மாத கர்ப்பிணியா என்று தெலுங்கிலேயே கேட்டேன். குரல் எழும்பிவிட்டது. சோலார் கம்பெனியைப் போய்க் கேளுங்கள் என்றார். கம்பெனிக்காரர், மீட்டர் எங்களுடையது இல்லை மேடம் என்கிறார்.

ஜூன் 3

கடைக்கு வருகிறவர்களை எல்லாம் விசாரிக்கிறேன், உங்கள் வீட்டில் சோலார் இருக்கிறதா என்று. இன்று ஏகாம்பரகுப்பத்திலிருந்து கன்னையா என்று ஒரு பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடிக்கு ஸ்க்ரூ போட வந்தார். அவர் வீட்டிலும் அதே கதை.

"வாடகைக்கு இருந்த பையனுங்கள காலி பண்ணச் சொல்லிட்டேம்மா. மெட்ராஸ் பசங்க, ஏதோ ஹீட்டர் ஓட்டறானுங்கன்னு நெனச்சேன். அவனுங்க போயும் பில்லு கொறையல."

வீடியோவைக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் மாட்டவே இல்லை.

ஜூன் 9, திங்கள். சித்தூர்

கலெக்டர் ஆபீசில் குறை கேட்கும் நாள். கன்னையாவும் நானும் விடிகாலை பஸ் பிடித்தோம். இவரும் வந்தார். லீவு போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். நான் கூப்பிடவில்லை.

வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது நான்தான் பேசுவேன் என்று இருந்தேன். இவர் முந்திக்கொண்டார். மடமடவென்று தெலுங்கில் பேசினார். மீட்டரைப் பற்றி ஆரம்பித்தவர், எங்கேயோ வழி தவறி, "எங்க வூட்டுப் பொண்ண நான் பேசக் கூடாதது பேசிட்டேன் மேடம்" என்று தமிழில் முடித்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் போனை நீட்டினேன். அவர் வீடியோவை முழுசாகப் பார்த்தார். அங்கேயே யாரையோ போனில் கூப்பிட்டார்.

ஜூன் 24

சோதனைக்கு வந்தார்கள். எங்கள் மீட்டர் பக்கத்தில் இன்னொரு மீட்டரை வைத்து, வெயில் நன்றாக ஏறும்வரை காத்திருந்தார்கள். வந்த எஞ்சினியர் சின்ன வயசு. "செட்டிங் தப்பா இருக்குது சார். வெளிய போறதையும் உள்ள வர்றதா கணக்கு பண்ணிட்டிருக்கு. மாத்திடறோம். கட்டுனதெல்லாம் வர்ற பில்லுல கழிச்சிடுவாங்க" என்றார், செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சொல்வதுபோல.

இவர் தன் போனை நீட்டினார். "இத என் தம்பிகிட்ட கொஞ்சம் சொல்றீங்களா சார்?"

அந்தப் பையனுக்குப் புரியவில்லை. "அத நீங்களே சொல்லிக்கலாமே" என்றார்.

ஜூலை 18

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். கோபி எனக்குத்தான் போன் செய்தான். அழுதுவிட்டேன்.

ஜூலை 20, சத்தியவேடு

போய்ப் பார்த்தோம். குழந்தைக்கு அப்படியே கோபியின் நெற்றி. இவர் வாசல் நிலையிலேயே நின்றார். கௌசிகாவின் அம்மா நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்திருப்பார் போல. கடைசியில் சொன்னது இவ்வளவுதான்.

"மீட்டர்தான் தப்புன்னு ஆபீஸ்ல ஒத்துக்கினாங்கம்மா."

கௌசிகா குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். கோபம் ஒன்றும் இல்லை முகத்தில்.

"நான் அப்பவே சொன்னனே மாமா."

ஆகஸ்ட் 9

பில் வந்தது. கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை. இவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோபி மினி வேன் கொண்டுவந்தான். சத்தியவேட்டிலேயே வீடு பார்த்துவிட்டானாம். "டெய்லி இங்கேர்ந்து போயி வர்றது கஷ்டமா இருக்குதுணா. அங்கேர்ந்து ஸ்ரீசிட்டி பக்கம்." உண்மைதான். யாரும் மறுத்துப் பேச முடியாத உண்மை. அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் பீரோவை இறக்கினார்கள். "அந்தப் பக்கம் புடிடா", "பாத்துணா, செவுரு" — அவ்வளவுதான் பேச்சு.

ஏசியை இவர் கழற்றப் போனார். கோபி தடுத்துவிட்டான். "இருக்கட்டும்ணா. வாடகைக்கு வர்றவங்களுக்கு ஆவும்."

வேன் போனபின் மாடியைக் கூட்டினேன். சுவரில் காலண்டர் மாட்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

சத்தியவேடு போய்வந்தோம். சின்ன வீடு, நல்ல காற்று. குழந்தை ஆள் பார்த்துச் சிரிக்கிறது. இவர் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார், அது தூங்கிய பிறகும்.

கௌசிகா வாசலுக்கே வந்து, "வாங்கக்கா, உக்காருங்க" என்றாள். ஏழு வருஷமும் என்னை அவள் "வாக்கா", "போக்கா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். என் புடவையைக் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டு போகிறவள். இன்று காபியைத் தட்டில் வைத்து நீட்டினாள். "சக்கரை போதுமா பாருங்கக்கா" என்றாள். நான் எழுந்து அடுப்படிப் பக்கம் போனபோது, "ஐயோ, நீங்க ஏன்க்கா, ஒக்காருங்க" என்று முன்னால் வந்து நின்றாள். பாத்திரம் கழுவ விடவில்லை. கிளம்பும்போது குங்குமம், பூ, ரவிக்கைத் துணி. ஒரு குறை சொல்ல முடியாது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது இவர் கேட்டார். "கௌசிகா உன்கிட்ட நல்லா பேசிச்சா?"

"நல்லா பேசினா. ரொம்ப மரியாதையா பேசினா" என்றேன்.

"அது போதும்" என்றார். முகம் தெளிந்திருந்தது. இந்த ஏழு மாதத்தில் இன்றுதான் அப்படிப் பார்க்கிறேன். ரவிக்கைத் துணியைப் பைக்குள் தள்ளிவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.