மீன் பங்கில் என் தலை

அன்புள்ள பெட்டேலோவுக்கு, உங்கள் மனைவி லெபெக்கா எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? பேத்தி சூலியா நர்ஸ் தேர்வில் முதலாவதாக வந்துவிட்டாள். பேரன் இயோவானே பள்ளி ரக்பி அணிக்குத் தலைவன். சின்னவள் ஹினாவும் மேடையேறிப் பரிசு வாங்கினாள். மூவரும் நம் தீவில் பிறந்தவர்கள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

போன வாரம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள் வந்தது. வசிக்கும் இடம் நம் தீவு ஃபகாவோஃபோ என்று எழுதப் போனேன். சூலியா சிரித்துவிட்டாள்.

"ரெண்டு வருஷமா அடுத்த கப்பல், அடுத்த கப்பல்னு சொல்றீங்க பாட்டி. கப்பலுக்கே அலுத்துப்போச்சு. இப்போ நாம இருக்கிற இந்த ஊரை, பொரிருவான்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

அங்கே ஊர் மீனைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கும்போது, நான் வந்துவிடுவேன் என்று என் பங்கையும் உங்களிடம் தருகிறார்களாமே. இனி அதை வாங்காதீர்கள். ஒன்பது பேருக்குப் பங்கு வந்த வீடு நம்முடையது. படிப்புக்கென்று பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கப்பலேற்றியது நான்தான். பிறகு மூன்று மாதத்துக்கென்று நானும் ஏறினேன். என்னை மன்னியுங்கள்.

என் ஓலை விசிறியை அனுப்புங்கள். இங்கே குளிர்தான், இருந்தாலும் பக்கத்தில் கிடக்கட்டும்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. வீட்டு வாசலில் நின்று புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள். நீங்கள் மட்டும் நின்றாலும் பரவாயில்லை.